நிலா எஸ்டேட்டின் தராசு

என் மூத்த மகள் டாக்டர் என்று சொன்னால் உடனே கையை நீட்டிவிடுவார்கள். மூட்டு வலி, சர்க்கரை, கண்ணில் பூ விழுந்தது என்று ஆரம்பித்துவிடுவார்கள். அவள் ஊசி போடுகிற டாக்டர் இல்லை, பௌதிகம் படித்த டாக்டர் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் பாதிப் பேர் நாக்கையே நீட்டிக் காட்டியிருப்பார்கள். பௌதிகம் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் வைத்திருக்கிறேன். ஒரு பொருள் ஏன் கீழே விழுகிறது, என்ன வேகத்தில் விழுகிறது, விழாமல் இருக்க என்ன வழி என்று பார்க்கிற படிப்பு. இது அவள் சொல்லிக் கொடுத்ததில்லை, நானாகக் கட்டிக்கொண்டது. ஒருமுறை அவளிடமே சொல்லிப் பார்த்தேன். "பரவால்லம்மா, பாதி சரி" என்றாள். பாதி போதும் எனக்கு.

அந்தப் படிப்போடு அவள் கதையும் எழுதினாள். ராஜா ராணிக் கதை இல்லை, மாமியார் மருமகள் கதையும் இல்லை. இன்னும் நடக்காததை, நடந்தால் எப்படி இருக்கும் என்று கணக்குப் போட்டு எழுதுகிற கதை. ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் வரும். எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க மட்டும்தான் வரும், அதுவும் பெரிய எழுத்தாக இருக்கவேண்டும். அதனால் அவள் கதைகளைக் காதால் கேட்டவள்தான் நான். அப்படிக் கேட்டதில் ஒரு கதை எனக்கு முழுதாக மனப்பாடம். அந்தக் கதையால் ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

எங்கள் தேயிலைத் தோட்டம் பிரிஞ்சாங் என்ற மலை டவுனுக்கு மேலே. காலையில் மலை எங்கே இருக்கிறது என்று தெரியாது, பனி அப்படி மூடியிருக்கும். அந்தப் பனியிலேயே கொழுந்து எடுக்க ஆரம்பிப்போம். கூடை நிறைந்ததும் ரோட்டோரம் கொண்டுவந்து நிறுக்கவேண்டும். மூன்று கால் நட்டு, நடுவில் ஸ்பிரிங் தராசு தொங்கும். கொக்கியில் கூடையை மாட்டினால் முள் துள்ளிக் குதித்து, ஆடி ஆடி ஓரிடத்தில் நிற்கும். பக்கத்தில் கணக்கு எழுதும் எங்கள் கிராணி நிற்பார். முள்ளைப் பார்ப்பார், வானத்தைப் பார்ப்பார், கொழுந்துக்குள் கையை விட்டுப் பார்ப்பார். அப்புறம், "தண்ணிக்கு ரெண்டு கழிவு" என்பார். மழை பெய்தால் மூன்று. வெயில் அடித்தால்கூட ஒன்று. "வெயில்ல எங்க ஐயா தண்ணி?" என்று யாராவது கேட்டால், "உன் வேர்வை" என்பார்.

மோசமான மனிதர் என்று சொல்லிவிடமாட்டேன். கண்டிப்பானவர். சாகும் வரை வெள்ளைச் சட்டைதான் போட்டார். அந்தக் காலத்தில் வேலை இல்லாத நேரத்தில் நாங்கள் ஆயாவிடம் விட்டுவிட்டு வரும் கொட்டகைப் பிள்ளைகள் தராசைச் சுற்றி நிற்பார்கள். அவருக்கு மனம் இருந்தால் ஒவ்வொன்றாகத் தூக்கிச் சாக்கில் உட்காரவைத்துக் கொக்கியில் மாட்டி நிறுப்பார். என் மகளை நிறுத்தபோது நானும் இருந்தேன். சாக்குக்கு வெளியே தலை மட்டும் நீட்டிக்கொண்டு முள்ளையே பார்த்தாள்.

"இருபத்தெட்டு ராத்தல்" என்றார் கிராணி. அப்போது கிலோ இல்லை, ராத்தல் கணக்குத்தான். "சாக்குக்கு ஒண்ணு கழிவு. இருபத்தேழு."

"என்னையும் கழிப்பீங்களா?" என்று இவள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

"உன்னை இல்லடி, சாக்கை."

சமாதானமாகவில்லை. வீட்டுக்கு வந்தும் கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் ஆடினால் முள்ளும் ஆடுகிறதே, ஆடும்போது என் எடை மாறுகிறதா, மூச்சைப் பிடித்துக்கொண்டால் குறையுமா என்று. எனக்கு அடுப்பில் வேலை. "கிராணியைப் போய்க் கேளு" என்றேன். போய்க் கேட்டிருக்கிறாள். அவர் துரத்திவிட்டாராம்.

அந்தப் பிள்ளைதான் தானா ராத்தாவில் படித்து, ஈப்போவில் படித்து, கோலாலம்பூர் போய் பௌதிகம் படித்தாள். சர்க்கார் உபகாரச் சம்பளத்தில் மேல்படிப்பும் முடித்து, எழுபதுகள் முடிந்து எண்பதுகள் தொடங்கிய சமயம், அந்தப் பல்கலைக்கழகத்திலேயே பாடம் நடத்தும் வேலைக்குச் சேர்ந்தாள். வேலை இன்னும் உறுதியாகவில்லை. அந்தச் சமயத்தில்தான் அந்தக் கதை வந்தது.

கதை இரண்டு வாரமாகப் பிரித்துப் போட்டிருந்தார்கள். முதல் பாகம் வந்த ஞாயிற்றுக்கிழமை ஆயாக் கொட்டகை வாசலில் கூடிவிட்டோம். எங்கள் பக்கத்து வீட்டுக்காரி ஆறாம் வகுப்பு படித்தவள், அவள்தான் வழக்கமாகப் படிப்பாள். படிக்கும்போதே நடித்துக் காட்டுவாள்.

நிலாவில் ஒரு தேயிலைத் தோட்டம். கண்ணாடிக் கூரைக்குக் கீழே மலைமலையாகத் தேயிலை. பூமியிலிருந்து ஆட்களைக் கப்பல் ஏற்றிக் கொண்டுபோகிறார்கள். அங்கே போனதும் பெண்களுக்கெல்லாம் ஒரே சந்தோஷம். மேடு ஏறினால் மூச்சு வாங்கவில்லை. ஒரு வரிசையிலிருந்து அடுத்த வரிசைக்குத் தாண்டிவிடலாம். கூடை நிறைந்தும் முதுகில் இருப்பதே தெரியவில்லை.

"ஐயோ, என்னையும் அங்க அனுப்புங்கடி!" என்றாள் இடுப்பு வலிக்காரி ஒருத்தி.

"பொறு அக்கா, இன்னும் தராசு வரல" என்றாள் படிப்பவள்.

வந்தது. நிறைந்த கூடையைக் கொக்கியில் மாட்டினால் முள் அசைந்ததாகவே தெரியவில்லை. பூமியில் இருப்பதில் ஆறில் ஒரு பங்குதான் காட்டுகிறது. நிலா எஸ்டேட்டின் கிராணி கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்க்கிறார். அந்த எடையைத்தான் எழுதுகிறார். பெண்கள் சத்தம் போடுகிறார்கள். 'எங்கள் கொழுந்து எங்கே போனது?' என்று அவரைச் சுற்றி நிற்கிறார்கள். மூக்குத்தி போட்ட ஒரு அம்மா முன்னால் வந்து, 'தராசுக்குக் கண் இருக்கா, இல்லை உமக்கா?' என்று கேட்கிறாள். அடுத்த வாரம் முடியும் என்று போட்டிருந்தது.

ஒரு விநாடி எல்லோரும் என் மூக்கைப் பார்த்தார்கள். அப்புறம் சிரித்தார்கள் பாருங்கள், கொட்டகைத் தகரம் அதிர்ந்தது.

"அங்க மழையே இல்லியாம், தண்ணிக்கழிவுக்கு வழியில்ல. அதான் மொத்தமா அடிச்சுட்டாரு!"

"நம்ம கிராணி நிலாவுக்கும் போயிட்டாருடி!"

நானும் சிரித்தேன். ஏன் பொய் சொல்லவேண்டும், பெருமையாகத்தான் இருந்தது. எங்கள் மலையை, எங்கள் தராசை, என் மூக்குத்தியை என் பிள்ளை பேப்பரில் ஏற்றிவிட்டாள். சந்திரனுக்கு வெள்ளைக்காரன் போய்க் கொடி நட்டுவிட்டு வந்தான் என்று கேட்டிருக்கிறோம். கூடையோடு போனவர்கள் நாங்கள்தான்.

மறுநாள் நிறுவையில் சிரிப்பு நின்றது. ஒரு சின்னப் பெண் கூடையை மாட்டிவிட்டு, "ஐயா, பூமிக் கணக்கா, நிலாக் கணக்கா?" என்று கேட்டுவிட்டாள். எங்களை வேலை வாங்கும் மண்டோர்கூட வாயைப் பொத்திக்கொண்டார். கிராணி அவள் கணக்கை எழுதினார். என் கூடை வரும் வரை காத்திருந்தார்.

"உன் மகளைத் தூக்கி இந்தக் கொக்கியில மாட்டினவன் நான்" என்றார். குரல் உயரவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "இத்தனை வருசம் முள்ளு காட்டுறதைத்தான் எழுதியிருக்கேன். தண்ணிக் கழிவு மேல இருந்து வந்த உத்தரவு. நான் திருடன்னு ஊர் ஊரா அச்சடிச்சுப் போட்டுட்டா. கம்போங் ராஜா ஊர் வரைக்கும் சிரிக்கிறான். இன்னொரு பாகம் வருதாமே? அது வரக்கூடாது. வந்துச்சுன்னா யூனிவர்சிட்டிக்கு எழுதிப் போட்டுடுவேன். சர்க்கார் பணத்துல படிச்ச புள்ள இப்படி எழுதுதுன்னு. அப்புறம் அவ வேலை நிக்குதா பாரு."

என் வீட்டுக்காரர் தொழிற்சாலையில் இலை உலர்த்தும் மாடியில் வேலை செய்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவருக்குச் செய்தி போயிருந்தது.

"படிச்சோமா, பாடம் நடத்தினோமான்னு இருக்கணும்" என்றார். "கதை எதுக்குலா? நிலாவுல தேயிலை நட்டா இங்க யாருக்கு லாபம்? நீ டவுனுக்குப் போய் போன் போடு. நிறுத்தச் சொல்லு."

"அவ எழுதினதை நீங்க கேட்டீங்களா?"

"கேட்கவேண்டியதைக் கேட்டுட்டேன். கிராணி கையில பேனா இருக்குடி. நம்ம கையில என்ன இருக்கு?"

அவர் பயந்ததில் தப்பில்லை. எங்கள் லயத்து வீடுகளிலிருந்து அவ்வளவு தூரம் போனவள் அவள் ஒருத்திதான். ஒரு கடிதத்தில் அது சரிந்துவிடும் என்றால் யாருக்குத்தான் பயம் வராது? அந்த வாரம் கொழுந்து எடுக்கும்போது கை தானாக ஓடியது, மனம் ஓடவில்லை. கதையை நிறுத்தச் சொன்னால் அவள் வேலை பிழைக்கும். வேலை பிழைத்தால் போதுமே என்று ஒரு பக்கம் தோன்றும். ஒருமுறை நிறுத்தச் சொன்னால் அவள் அதற்கப்புறம் எழுதமாட்டாள் என்று இன்னொரு பக்கம் தெரியும். என் பிள்ளை எனக்குத் தெரியாதா? சின்ன வயதில் சாக்கில் அழுதவள், அதற்கப்புறம் அந்தத் தராசுப் பக்கமே போகவில்லை.

வாரத்தின் நடுவில் காய்கறி லோரி ஒன்றில் ஏறிப் பிரிஞ்சாங் போனேன். சீனர் கடையில் போன் இருந்தது. கடைக்காரர் எனக்குப் பழக்கம். அவரே எண்ணைச் சுழற்றி, யாரையோ கூப்பிடச் சொல்லிவிட்டு, என் கையில் கொடுத்தார். எனக்குப் பின்னால் கோஸ் மூட்டைகளை நிறுத்துக்கொண்டிருந்தார்கள்.

மகள் வந்தாள். நடந்ததைச் சொன்னேன்.

"கிராணி ஐயா அப்படியா நெனச்சுட்டாரு?" என்றாள். "இன்னும் நேரம் இருக்கும்மா. பேப்பர் ஆசிரியர்கிட்ட சொன்னா எடுத்துடுவார். எடுக்கச் சொல்லட்டுமா?"

"நீ எழுதினது சரியா இருக்கா?"

"கணக்கெல்லாம் சரிம்மா. ரெண்டு தடவை பார்த்துட்டேன்."

"கணக்கைக் கேக்கல புள்ள. மனுசங்களைக் கேக்கறேன்."

அப்புறம், "அதுவும் சரியா இருக்கும்மா" என்றாள். "என்ன எழுதியிருக்கேன்னு சொல்லட்டுமா?"

"வேணாம்" என்றேன். தெரிந்துவிட்டால் நான் கிராணியிடம் போய் அதைச் சொல்லிக் கெஞ்ச ஆரம்பித்துவிடுவேன். என் வாயில் அந்தக் கதை பாதி செத்துவிடும். "ஞாயித்துக்கிழமை கேட்டுக்கறேன். வரட்டும்."

"எழுதிப் போட்டுட்டாருன்னா?"

"போட்டா போடட்டும்லா. இங்க கொழுந்து இருக்கு, கூடை இருக்கு. வந்து என்கூட எடு."

அவள் சிரித்தாள். நான் போனை வைத்துவிட்டுக் கடைப் பலகையைப் பிடித்துக்கொண்டேன். கடைக்காரர் ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட்டார்.

வீட்டுக்கு வந்ததும், மகளிடம் என்ன சொன்னாய் என்று கேட்டார் என் வீட்டுக்காரர். "வரட்டும்னு சொல்லிட்டேன்" என்றேன். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டார். இரண்டு நாள் பேச்சில்லை.

சனிக்கிழமை அரை நாள் வேலை. கடைசி நிறுவையில் எல்லோரும் இருக்கும்போது, என் கூடையைக் கொக்கியில் மாட்டிவிட்டு நின்றேன்.

"கிராணி ஐயா, நாளைக்குக் கதை வருது."

முள் ஆடிக்கொண்டிருந்தது. அவர் அதையே பார்த்தார். "அப்ப திங்கக்கிழமை என் லெட்டரும் போகுது."

"போகட்டும் ஐயா. ஆனா ஒண்ணு. நாளைக்கு நீங்கதான் அதைப் படிக்கணும்."

"என்னா?"

"நீங்கதான் படிச்சுக் காட்டணும். பக்கத்து வீட்டுக்காரி படிச்சா சிரிச்சுக்கிட்டே படிப்பா, கேக்கறவங்களும் சிரிப்பாங்க. பெரட்டுல பேர் படிக்கிற குரல் இந்த மலையில உங்களுக்கு மட்டும்தான் இருக்கு. நீங்க படிச்சா உள்ளது உள்ளபடி வரும். முழுசும் படிச்சிட்டு, அப்புறம் எழுதிப் போடறதுன்னா போடுங்க. பாதிக் கூடையை நிறுத்து யாராவது கணக்கு எழுதுவாங்களா?"

"திமிரைப் பாரு" என்றார். ஆனால் போய்விடவில்லை. முள் நின்றது. "தண்ணிக்கு ரெண்டு கழிவு" என்று எழுதிவிட்டு, "எத்தனை மணிக்கு?" என்று கேட்டார்.

பெரட்டு என்றால் காலையில் வேலைக்கு முன் எல்லோரையும் வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவது. கிராணி கூப்பிட்டால் அடுத்த மலைச் சரிவில் இருப்பவனும் 'ஐயா' என்பான். அந்தக் குரலை அவருக்கே பிடிக்கும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை கொட்டகை வாசல் கொள்ளவில்லை. என் வீட்டுக்காரர் ஓரமாக வந்து, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். கிராணி துவைத்த சட்டையோடு வந்தார். அவருக்கு மட்டும் நாற்காலி போட்டிருந்தோம், உட்காரவில்லை. பேப்பரை இரண்டாக மடித்து, நின்றபடியே ஆரம்பித்தார்.

நிலா எஸ்டேட்டில் பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். அந்தக் கிராணி தன் அறைக்குப் போய்த் தராசைக் கழற்றிப் பார்க்கிறார். ஸ்பிரிங்கை எண்ணெய் போட்டுத் துடைக்கிறார். அவருக்கே புரியவில்லை. 'நான் முள் காட்டியதைத்தானே எழுதினேன்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறார். எங்கள் கிராணி இந்த இடத்தைப் பெரட்டுக் குரலில் படித்தார். சிரிக்க வந்தவர்கள் சிரிக்கவில்லை.

அப்போது ஒரு குழந்தை அங்கே வருகிறது. கொழுகொழுவென்று இருக்கிற பெண் குழந்தை. தராசைப் பார்த்து, 'என்னை நிறுங்க' என்கிறது. அந்தக் கிராணி அதைச் சாக்கில் உட்காரவைத்துக் கொக்கியில் மாட்டுகிறார். முள் அசைந்தும் அசையாமலும் நிற்கிறது.

எங்கள் கிராணி நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார். அடுத்த வரியை மனதுக்குள் படிப்பது உதட்டில் தெரிந்தது.

"படிங்க ஐயா" என்றாள் இடுப்பு வலிக்காரி.

படித்தார். இந்தமுறை பெரட்டுக் குரல் இல்லை. "'சாக்குக்கு ஒன்று கழிவு' என்றார் கிராணி. குழந்தை அழுதது, 'என்னையும் கழிப்பீங்களா?' என்றது. 'உன்னை இல்லடி, சாக்கை' என்றார் அவர்."

யாரும் என் மூக்கைப் பார்க்கவில்லை. எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். லயத்தில் பாதிப் பிள்ளைகள் அந்தச் சாக்கில் தொங்கியவர்கள்தான்.

அப்புறம் அவர் நிற்காமல் படித்தார். நிலாக் கிராணி குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துப் பார்க்கிறார். கன்னம் அப்படியே இருக்கிறது, கை கால் அப்படியே இருக்கிறது. குழந்தை குறையவில்லை என்றால் கொழுந்தும் குறையவில்லை. பெண்கள் திருடவில்லை, தானும் திருடவில்லை, தராசும் பொய் சொல்லவில்லை. நிலா எதையும் மெதுவாகத்தான் இழுக்கிறது, அவ்வளவுதான். அவர் காய்கறித் தோட்டக்காரனிடம் போய் டாச்சிங் கேட்டு வாங்குகிறார். பிரிஞ்சாங் கடைகளில் பார்த்திருப்பீர்களே, நீளக் கம்பில் ஒரு பக்கம் சாமானும் மறுபக்கம் குண்டும் தொங்குமே, அந்தத் தராசு. அங்கே இலையும் லேசாகும், குண்டும் லேசாகும். இரண்டும் சேர்ந்தே லேசானால் கணக்கு மாறாது. அதைத் தோளில் போட்டுக்கொண்டு அவரே துரை பங்களாவுக்கு ஏறிப்போய், 'இனிமேல் இந்தத் தராசில்தான் நிறுப்பேன்' என்கிறார். மூக்குத்தி போட்ட அம்மா அவருக்குப் பின்னால் நடந்து போகிறாள். கதை அதோடு முடிந்தது.

கிராணி பேப்பரை மடித்தார். மடித்ததையே மறுபடி மடித்தார்.

"இருபத்தெட்டு ராத்தல் இருந்தா" என்றார் என்னைப் பார்த்து. "அன்னிக்கு அவ அழுதது எனக்கு மறந்தே போச்சு. அவ மறக்கல."

"எதையும் மறக்கமாட்டா ஐயா."

"இந்தப் பேப்பர் எனக்கு வேணும்" என்று சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அது என் பேப்பர். கேட்கவில்லை, போகட்டும் என்று விட்டுவிட்டேன். அவர் வாசலைத் தாண்டும்போது, "லெட்டர் என்னாச்சு ஐயா?" என்று யாரோ கேட்டார்கள்.

"எந்த லெட்டர்?" என்றார், திரும்பாமலே.

என் வீட்டுக்காரர் அன்று மத்தியானம் தட்டைத் தள்ளவில்லை. இரண்டாம் முறை சோறு வாங்கிக்கொண்டு, "அந்தக் குழந்தை வர்ற இடம் நல்லாருக்கு" என்றார். அவருக்கு அவ்வளவுதான் வரும்.

தீபாவளிக்கு மகள் வந்தாள், அழைத்துவர நான் போயிருந்தேன். பஸ்ஸிலிருந்து இறங்கி வரும் வழியிலேயே கிராணி நின்றுகொண்டிருந்தார். நான் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு நின்றேன்.

"வாங்க டாக்டர்" என்றார். முதல்முதலாக 'ங்க' போட்டார். "என்னை நிலாவுக்கு அனுப்பிட்டீங்க. அடுத்தாப்ல எங்க?"

"சனிக் கிரகம் ஐயா. பாதி எழுதிட்டேன்."

"ஐயையோ, சனியா? எனக்கு ஏற்கெனவே ஏழரை நடக்குதும்மா. வேற எங்கயாவது அனுப்பு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தேன். அதில் முழுவதும் புத்தகம், அவ்வளவு கனம். கழுத்து இறங்கவே இல்லை எனக்கு.

அவள் வேலை உறுதியானது. வேலையும் பார்த்தாள், கதையும் எழுதினாள், இரண்டையும் நிறுத்தவில்லை. சனிக் கிரகத்துக் கதையும் வந்தது. அதையும் கொட்டகை வாசலில் கிராணிதான் படித்தார், அதற்குப் பின் வந்ததையும் அவர்தான். பக்கத்து வீட்டுக்காரிக்கு அதில் கொஞ்சம் வருத்தம். ஆனால் தண்ணிக் கழிவை மட்டும் அந்த மனிதர் வேலையை விடும் வரை விடவில்லை. வெயில் நாளில் ஒன்று, பனிக்கு இரண்டு, மழைக்கு மூன்று. "நிலாவுக்குப் போனா கழிக்கமாட்டேன்" என்பார். "அங்கதான் மழை இல்லியே."